பகலில் நாற்று, இரவில் குஞ்சு

சவன்னகேத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு எதையாவது பார்க்க வருகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மஞ்சள் காரை வீடுகள், தாத் இங் ஹாங் தூபி, டைனோசர் எலும்புகள் வைத்த சின்ன அருங்காட்சியகம், ஊருக்கு வெளியே சூதாட்ட விடுதி. இன்னும் பலர், வியட்நாம் எல்லைக்குப் போகும் 9ஆம் எண் சாலையில் ஏறுவதற்கு முன் ஓர் இரவு தூங்கி எழுந்து போகிறார்கள். நான் போனது மீன்குஞ்சு பொரிக்கும் வீடுகளைப் பார்க்க.

தாய்லாந்துப் பக்கம் முக்தாஹான், லாவோஸ் பக்கம் சவன்னகேத், நடுவே மீகாங். 2006 இறுதியில் திறந்த 1.6 கிலோமீட்டர் நீளப் பாலத்தில்தான் பேருந்து வருகிறது. தாய்லாந்தில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும், லாவோஸில் வலப்பக்கம். எல்லையில் ஓட்டுநர் சத்தமில்லாமல் பக்கம் மாறிக்கொள்கிறார். எனக்கு முன் இருக்கையில் இருந்தவரின் காலடியில் காற்றடைத்த பாலிதீன் பைகள், மேலே ஈரச்சாக்கு. உள்ளே குஞ்சுகள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் பைகளைப் பார்ப்பதுமாகவே வந்தார். சுங்கச் சாவடியில் வரிசை நீண்டபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் இந்த வியாபாரம் எதைச் சார்ந்தது என்பது பாதி புரிந்துவிட்டது. இதன் சரக்குக்கு ஆயுள் மணிக்கணக்கில்தான்.

லாவோஸுக்குக் கடல் கிடையாது. ஆனால் மீன் இல்லாத சாப்பாடும் அங்கே கிடையாது. ஆறு, ஓடை, வயல், வாய்க்கால் எல்லாவற்றிலும் மீன் பிடிப்பார்கள். மிஞ்சியதை உப்பும் தவிடும் சேர்த்துச் சாடியில் புளிக்கவைத்துப் பாதேக் ஆக்குவார்கள். அந்தச் சாடி இல்லாத சமையற்கட்டை நான் பார்க்கவில்லை. காட்டு மீன் முன்போல் கிடைப்பதில்லை என்பது போன இடமெல்லாம் கேட்ட புலம்பல். அதனால் வீட்டுக் குளத்திலும் வயல் ஓரப் பள்ளத்திலும் மீன் விடுகிறார்கள். விட வேண்டுமானால் குஞ்சு வேண்டும். குஞ்சு எங்கிருந்து வரும்?

முன்பெல்லாம் அரசுப் பண்ணையிலிருந்து வரும், அல்லது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து. இரண்டும் தூரம். மண் சாலையில் நாலைந்து மணிநேரம் வெயிலில் குலுங்கி வந்த குஞ்சு குளத்தில் இறங்கும்போதே பாதி மல்லாந்திருக்கும். 1990களில் பாங்காக் அருகே இருக்கும் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் இந்த மாகாணத்தில் வேலை செய்ய வந்தபோது, குஞ்சைக் கொண்டுபோவதற்குப் பதில் குஞ்சு பொரிக்கும் வேலையையே கிராமத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை வலுத்தது. பிறகு ஜப்பானிய உதவித் திட்டமும் அதே வழியில் வந்தது. விவசாயிக்குப் பயிற்சி, கொஞ்சம் சிமெண்டு, கொஞ்சம் வலை, வீட்டு முன்னால் ஒரு பெயர்ப்பலகை.

அந்தப் பலகைகளைச் சாலை நெடுக இன்னும் பார்க்கலாம். எழுத்து வெளுத்து, சின்னங்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். சிலவற்றின் பின்னால் தொட்டிகளில் இப்போது கோழி அடைகிறார்கள். எனக்கு வழிகாட்டியாக வந்த மீன்வளத் துறை இளைஞரிடம், யாருடைய பொரிப்பகம் நிலைத்தது, யாருடையது படுத்தது என்று கேட்டேன். நன்றாகப் படித்தவர்கள், நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். "சொந்த நெல் வைத்திருந்தவர்கள் நிலைத்தார்கள். இதை மட்டும் நம்பினவர்கள் விட்டுவிட்டார்கள்" என்றார். வருடத்தில் மூன்று மாதமே குஞ்சு விற்கும். தாய் மீனுக்குப் பன்னிரண்டு மாதமும் தீனி போட வேண்டும். அந்த ஒன்பது மாதத்தைத் தாங்கும் தெம்பு வேறெங்கிருந்தாவது வர வேண்டும்.

சேனோ சந்தியில் தெற்கே திரும்பி, சம்போன் மாவட்டப் பக்கம் போனோம். ஜூன் மாதம். மழை வரட்டும் என்று மூங்கில் ராக்கெட் விடும் திருவிழா முடிந்து, மழையும் வந்துவிட்டிருந்தது. நாற்றங்கால் பச்சை கண்ணைப் பறித்தது. தூண் மேல் நிற்கும் மர வீடுகள், வீட்டடியில் கட்டிய எருமை, பீர்லாவோ பலகை வைத்த பெட்டிக்கடைகள், சிவப்புச் சேறு. நம் டெல்டாக்காரர் யாரையாவது கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து இங்கே இறக்கினால், எருமையின் கொம்பை வைத்துத்தான் இது வேறு ஊர் என்று சொல்வார்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். துறை இளைஞர் அவரை அக்கா என்றே அழைத்தார், நானும் அப்படியே. வீட்டுக்காரர் நெல் அரைவை மில் பார்க்கிறார், பொரிப்பகம் அக்காவுடையது. வீட்டுக்குப் பின்னால் கிணற்று உறைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பூசிய வட்டத் தொட்டிகள். மரச் சட்டத்தில் உயரே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே துணியில் தைத்த கூம்புகள் தலைகீழாகத் தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் குழாய் வந்து சேர்ந்திருந்தது. சாலைக்கு மண் எடுத்த பள்ளங்கள் மூன்று குளங்களாகியிருந்தன. மொத்தப் பொரிப்பகமும் இவ்வளவுதான். இதில் பொறியாளர் கை வைத்த இடம் ஒன்றுகூட இல்லை.

அக்காவின் சரக்கில் முதலிடம் பாபாக்குக்கு. வெள்ளி நிறக் கெண்டை, மீகாங்கின் சொந்த மீன், புல்லும் தவிடும் தின்று வளரும், வயலிலும் விடலாம். அடுத்து சாதாக் கெண்டை. கொஞ்சம் ரோகு, மிர்கால். இந்த இரண்டும் கங்கைக் கரையிலிருந்து தாய்லாந்து வழியாக இங்கே வந்து குடியேறியவை.

சாயங்காலம் வயலிலிருந்து திரும்பிய அக்கா, சேற்றுக் காலைக் கழுவிய கையோடு தாய் மீன் குளத்தில் இறங்கினார். வலையைச் சுருக்கி, மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். வயிறு மெத்தென்று பருத்து, கழிதுளை லேசாகச் சிவந்திருந்தால் பெண் தயார். ஆணை அடிவயிற்றில் மெல்ல வருடினால் வெள்ளையாகப் பால் கசிய வேண்டும். கசியாததைத் திரும்பக் குளத்தில் போட்டார். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று சேர்த்து எடை போட்டார்.

அடுத்து நடந்ததை மருத்துவர்கள் பார்த்தால் புருவம் உயர்த்துவார்கள். குளிர்பெட்டியில் பீர் பாட்டிலுக்கும் மிளகாய்த் துவையலுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பி வந்தது. சுப்ரிஃபேக்ட். ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் புசெரெலின் என்ற ஹார்மோன். கூடவே ஒரு பட்டை மோட்டிலியம் மாத்திரை, நாம் வாந்திக்குப் போடும் அதே டோம்பெரிடோன். மாத்திரையைச் சின்ன உரலில் நைசாக அரைத்து, குப்பி மருந்தையும் காய்ச்சி வடித்த நீரையும் சேர்த்துக் கலக்கினார். கிலோ மீனுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கெல்லாம் உத்தரத்தில் சாக்கட்டியால் எழுதியிருந்தது. தாய்லாந்துப் பொரிப்பகங்களில் வெகுகாலமாகப் புழங்கும் முறைதான் இது. லின் ஹாவ்ரான் என்ற சீனரும் ரிச்சர்ட் பீட்டர் என்ற கனடாக்காரரும் 1980களில் வகுத்தது. இருவர் பெயரையும் ஒட்டவைத்து லின்பெ முறை என்பார்கள்.

இது எதற்கு என்றால், ஆற்று மீனுக்குச் சினை தானாகப் பிடிக்கும். முட்டை தானாகப் பெய்யாது. வெள்ளம் புரளும் புதுத் தண்ணீர், ஓட்டம், மழை எல்லாம் சேர்ந்து மூளைக்கு உத்தரவு போனால்தான் முட்டை இறங்கும். தேங்கிய குளத்தில் அந்த உத்தரவு வராது, சினை வயிற்றிலேயே கரைந்துபோகும். ஊசி அந்த உத்தரவைக் கொடுக்கிறது. மீனின் உடம்பில் டோபமைன் போடும் தடையை வாந்தி மாத்திரை விலக்கிவிடுகிறது. இந்த இடத்தில் என்னிடம் கொஞ்சம் ஊர்ப் பெருமை தலைதூக்கியது. இந்தியக் கெண்டைகளுக்கு முதன்முதலாக இப்படி ஊசி போட்டு முட்டையிட வைத்தவர் ஹிராலால் சௌதுரி, ஒடிசாவின் அங்குலில், 1957 ஜூலை 10 அன்று. அப்போது மருந்துக் கடையில் ஹார்மோன் இல்லை. வேறு மீனின் மண்டையைப் பிளந்து பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்துக் கொடுத்தார். அந்த நாளைத்தான் இந்தியாவில் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அக்காவிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, "மண்டையை உடைக்கிற வேலை மிச்சம்" என்று ஊசியை ஏற்றினார்.

முதுகுத் துடுப்புக்குக் கீழே, செதிலுக்கு அடியில் சாய்வாக ஊசி. மீன் ஒரு துள்ளு துள்ளியது. எல்லாவற்றையும் உறைத் தொட்டியில் விட்டு, மேலிருந்து துளையிட்ட குழாய் வழியாகத் தண்ணீரைப் பூவாளியாய்த் திறந்துவிட்டு, வலையால் மூடிக் கல் வைத்தார். மணி ஆறு. இனி ஐந்தாறு மணிநேரம் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஒட்டரிசிச் சோறு, சுட்ட மீன், காரத் துவையல். சுட்டது கடையில் வாங்கிய மீன். தாய் மீன் எவ்வளவு கிழடானாலும் வீட்டில் தின்பதில்லையாம். சாப்பிடும்போதுதான் அக்கா கணக்கைச் சொன்னார். முதல் மழை விழுந்ததும் எல்லார் குளமும் நிரம்பும். எல்லாருக்கும் அதே வாரத்தில் குஞ்சு வேண்டும். அதே மழையில்தான் எல்லார் வயலிலும் நடவு. இவருக்கும் வயல் இருக்கிறது. இன்று நம் வீட்டு நடவுக்கு வந்தவர்கள் வீட்டுக்கு நாளை நாம் போக வேண்டும், முறை தவறினால் ஊரில் பேச்சு வரும். குஞ்சுக்கும் நாற்றுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். ஆள் இருப்பது ஒன்றுதான். பிள்ளைகள் ஆற்றுக்கு அப்பால் கூலிக்குப் போயாயிற்று.

பயிற்சி வகுப்புக் கையேடுகள் எதிலும் இந்த முட்டல் வராது. அவற்றில் வேலை என்றால் மருந்து அளவு, தண்ணீர் வெப்பம், குஞ்சு அடர்த்தி. சின்னப் பொரிப்பகம் பிழைக்கிறதா இல்லையா என்பது இந்த முட்டலை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்று எனக்கு அன்றிரவு தோன்றியது. அக்காவின் விடை மீனிடமே இருந்தது. பாபாக் இரவில் முட்டையிடும். மாலை ஆறுக்கு ஊசி என்றால் நடுநிசிக்கு முட்டை. மறுநாள் மதியம் வயலிலிருந்து சாப்பாட்டுக்கு வரும்போது பொரிப்பு. பகல் நெல்லுக்கு, இரவு மீனுக்கு. தூக்கம்? அது ஆகஸ்டுக்குப் பிறகு என்றார்.

பதினொன்றரை வாக்கில் தொட்டிப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம். தவளை என்று நினைத்தேன். ஆண் பாபாக்குகள் எழுப்பும் ஒலியாம். சத்தம் ஏறியது, தண்ணீர் நுரைத்தது, பச்சை மீன் வாடை குப்பென்று வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் மீன்கள் விலாவோடு விலா உரசிச் சுற்றுகின்றன. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அக்கா தாய் மீன்களைக் கையால் அள்ளி வேறு தொட்டிக்கு மாற்றினார். கொசுவலையில் முட்டைகள் வந்து சேர்ந்தன. ஊறிய ஜவ்வரிசி போலக் கண்ணாடியாய்ப் பளபளத்தன. குவளையில் மொண்டு துணிக் கூம்புகளில் ஊற்றினார். அடியிலிருந்து ஏறும் தண்ணீர் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் முட்டைகள் அடியில் படிந்து மூச்சு முட்டிச் செத்து வெளுத்துவிடும். ஓட்டம் அதிகமானால் துணியில் அடிபட்டுச் சாகும். குழாயின் திருகை அவர் அரைக்கால் சுற்று திறப்பதும் மூடுவதுமாக வெகுநேரம் நின்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

உயரே தொட்டி வைத்திருப்பது மின்சாரத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காக. ஒரு வருடம் மின்வெட்டில் பம்பு நின்று, விடிவதற்குள் அத்தனை கூம்பும் வெளுத்துவிட்டதாம். அதற்குப் பிறகு தொட்டி நிரம்பாமல் ஊசி போடுவதில்லை.

மறுநாள் மதியம் கூம்புக்குள் கண்ணிமை மயிர்த் துண்டுகள் நெளிந்தன. கூடவே கொண்டுவந்த மஞ்சள் கருப் பையைத் தின்றே சுமார் மூன்று நாள் கழிக்கும். பிறகு கோழி முட்டை மஞ்சள் கருவை அவித்துத் துணியில் வடித்துக் கொடுப்பார்கள். அதற்கடுத்து எருப் போட்டுப் பச்சை கட்டிய குளம். அங்கேதான் பெரும் சேதம். தட்டான் புழு, தண்ணீரில் மல்லாந்து நீந்தும் பூச்சி, தவளை, எங்கிருந்தோ வந்து சேரும் விரால். பூச்சிக்கு மண்ணெண்ணெயை மேலே படலமாக விட்டு மூச்சடைக்க வைப்பார்கள். எல்லாவற்றையும் தப்பி ஒரு மாதத்துக்கு மேல் போனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குஞ்சு. அதற்குத்தான் விலை.

விற்பனை விடியற்காலையில். முந்தின நாள் பட்டினி போட்ட குஞ்சுகள் வலைக் கூண்டில் தயாராக இருந்தன. வயிறு காலியாக இருந்தால் பையில் தண்ணீர் கெடாது. எண்ணுவதற்கு ஒரு தேநீர் வடிகட்டி. முதல் வடிகட்டியை வாங்க வந்தவர் கண்ணெதிரில் ஒவ்வொன்றாக எண்ணுவார். அதற்குப் பிறகு வடிகட்டிகளை மட்டும் எண்ணுவார். அந்த முதல் வடிகட்டியை எவ்வளவு கும்பலாக அள்ளுவது என்பதில் இரு தரப்புக்கும் கண்ணாலேயே ஒரு சண்டை நடக்கிறது. கடைசியில் கொசுறு கேட்காமல் யாரும் போவதில்லை, போடாமல் அக்காவும் விடுவதில்லை. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, மீதி ஆக்சிஜன். வெல்டிங் கடைக்கு வரும் அதே உருளை. ரப்பர் பட்டை போட்டு முறுக்கி, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு பறந்தார்கள்.

ஒருவர் செப்போனிலிருந்து வந்திருந்தார். 9ஆம் எண் சாலையில் கிழக்கே வெகுதூரம், வியட்நாம் எல்லையோரம். ஹோசிமின் பாதை அந்த வழியாகத்தான் போனது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டதில் அந்தப் பகுதிக்குப் பெரும் பங்கு. அவர் குஞ்சு விடப்போவது குண்டு விழுந்த பள்ளத்தில். "ஆழம் நல்லா இருக்கு, கோடையிலும் வத்தாது" என்றார், நிலத்தரகர் மாதிரி. மாலை வரை இருந்து, வெயில் தாழ்ந்ததும் பேருந்தில் பைகளை ஏற்றினார்.

போட்டி ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிறது. தொட்டி கட்டிய பிக்கப் வண்டி ஒலிபெருக்கியோடு ஊர் ஊராகச் சுற்றும். குஞ்சு பெரிது, விலை மலிவு. அங்கே பண்ணைகள் பெரியவை, மருந்தும் தீனியும் உள்ளூர்ச் சரக்கு. விலையில் அக்காவால் மோதவே முடியாது. ஆனால் பல பண்ணைகள் மாறி, வெயிலில் சுற்றி வரும் குஞ்சு மறுநாள் மிதந்தால் கேட்பதற்கு வண்டி அங்கே நிற்காது. அக்காவின் வீடு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். மிதந்தால் வந்து சத்தம் போடலாம், மாற்றிக் கொடுப்பார். கையில் காசு இல்லையென்றால் அறுவடைக்குப் பிறகு நெல்லாகத் தரலாம். மில் வீட்டிலேயே இருக்கிறது. தரத்தைப் பற்றி யார் என்ன பேசினாலும், பக்கத்தில் இருப்பதுதான் இவருடைய முதல் என்றே நினைக்கிறேன்.

நல்ல விலை கிடைக்கும் ஒரே நாள் ஜூலை 13. லாவோஸில் அது மீன் விடும் நாள். அதிகாரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பிக்குகளும் குளத்திலும் ஆற்றிலும் குஞ்சு விடுவார்கள், படம் எடுப்பார்கள். படத்தில் தெரிய வேண்டும் என்பதால் பெரிய குஞ்சாகக் கேட்பார்களாம். ஓர் அலுவலகம் போன வருடப் பாக்கியை இன்னும் தரவில்லை என்று அக்கா சொன்னபோது துறை இளைஞர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் இன்னொரு பொரிப்பகம். அது வேறு உலகம்: திலேப்பியா, நம் ஊர் ஜிலேபி. 1965இல் ஜப்பானியப் பட்டத்து இளவரசர் அகிஹிதோ தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு அனுப்பிய 50 மீன்களின் வம்சம் இந்தப் பக்கமெல்லாம் பரவி, பாநின் என்ற பெயரில் சந்தையை ஆள்கிறது. இதற்கு ஊசி தேவையில்லை. தாய் தன் வாயிலேயே முட்டையை அடைகாக்கும். வாரம் ஒருமுறை வாயைத் திறந்து முட்டையை உதறி எடுக்கிறார்கள். குஞ்சுகளுக்கு 21 நாள் ஆண் ஹார்மோன் கலந்த தீனி; எல்லாம் ஆணாக வளரும், இனம் பெருகாமல் உடம்பு பெருக்கும். மீகாங்கில் கூண்டு போட்டு வளர்ப்பவர்கள் இந்தப் பொரிப்பகக்காரரின் வாடிக்கை. தீனி தாய்லாந்திலிருந்து வர வேண்டும். 2022இல் லாவோஸின் கிப் சரிந்து, பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் கூண்டுகள் பல காலியாகக் கிடந்ததாகச் சொன்னார். பேச்சில் வியாபாரி; இவருக்கு வயல் கிடையாது. துறை இளைஞர் முதல் நாள் சொன்னதை நினைத்துக்கொண்டேன், அவரிடம் சொல்லவில்லை.

அக்காவிடம் விடைபெறும் முன் தாய் மீன்களைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. சின்னப் பொரிப்பகங்களின் பலவீனம் இதுதான்: ஒரே குளத்துக் குடும்பத்தில் திரும்பத் திரும்பப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. சில தலைமுறையில் குஞ்சு மெலியும், கூன் விழும், வளர்ச்சி நின்றுபோகும். சம்போன் ஆற்றிலிருந்து காட்டு ஆண்களைப் பிடித்துவந்து சேர்க்க வேண்டும் என்றார் துறை இளைஞர். சொன்னது சரிதான். அக்கா கேட்டுக்கொண்டே வலையின் கிழிசலைத் தைத்தார்.

"ஆத்து மீன் தவிடு தின்னப் பழக ஒரு வருஷம் ஆகும், தம்பி. அதுவரைக்கும் குளத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். பாதி துள்ளி வெளியே விழும். அந்த வருஷத்துக்குத் தீனி யார் போடுவா?"

"அடுத்த திட்டத்தில் எழுதலாம், அக்கா."

"எழுது. வரட்டும். வெள்ளிக்கிழமை நடவு இல்லை. பக்கத்து மாவட்டத்துல என்கூடப் பயிற்சி எடுத்தவங்க ஒருத்தர் இருக்காங்க. நாலு ஆணைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு நாலு வாங்கிட்டு வரேன். பெட்ரோல் மட்டும் உன் கணக்கு."

பெட்ரோலுக்குச் சம்மதித்தார்.